சிவப்புக் கோட்டுக்காரர் வாங்கிய கடிகாரம்

மனித குலம் கெட்டுப்போனதற்குக் காரணம் போரும் இல்லை, மதமும் இல்லை. மரச்சாமான் மேல் வைத்த பாசம். இது லெனர்ட் பிக்கர்ஸ்கில் முப்பது வருட ஆராய்ச்சியில் கண்டறிந்து, வியாழக்கிழமைதோறும் ஏல மேடையில் நின்று உலகத்துக்கு அறிவித்து வந்த உண்மை. உலகம் என்பது இங்கே ஸ்கார்பெக் ஊர் ஏலக்கூடத்தின் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் முப்பது நாற்பது பேர். அவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். யார்க்‌ஷயரின் அந்த மூலையில் மழைக்கு ஒதுங்குவது ஏறத்தாழ நிரந்தரக் குடியிருப்பு.

“நாற்காலி உங்கள நேசிக்காதுங்க,” என்பார் பிக்கர்ஸ்கில், சுத்தியலை மார்பில் வைத்துக்கொண்டு. “நீங்க செத்தா அது அழாது. அடுத்தவன் வந்து உக்கார இடம் குடுக்கும். அதப் போய் நீங்க ஏன் நேசிக்கணும்?”

சொன்னபடி வாழ்ந்தவர் அவர். ஏலக்கூடத்திலிருந்து ஒரு சாம்பல் கிண்ணத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மடக்கு மேசை, தபாலில் வரவழைத்த ஒரு கட்டில். மனைவி பல வருடங்களுக்கு முன்பே பிரிந்து லிங்கன் நகரத்துக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் சொன்ன காரணங்களில் நாற்காலியும் ஒன்று.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. ஏலக்காரர்களிடையே ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது: கேட்பவர் ஒரே ஒருவராக இருந்து விலை ஏறாதபோது, பின்சுவரைப் பார்த்துத் தலையாட்டி, அங்கே யாரோ கூடுதலாகக் கேட்டுவிட்டதாக ஒரு தொகையைச் சொல்வார்கள். முன்னால் இருப்பவர் பதறி இன்னும் ஏற்றுவார். “மூச்சு விடாத எதுகிட்டயும் நான் ஏலக் கேள்வி வாங்கினதில்ல,” என்பார் பிக்கர்ஸ்கில். எதிர்க்கடை ஏலக்காரர்களைச் சுவரின் மாப்பிள்ளைகள் என்பார்.

ஏலத்துக்கு ஒரு நெட்டைக் கடிகாரம் வந்துவிட்டால் போதும், ஆல்டர்சன் கதை தொடங்கிவிடும். ஆளைவிட உயரமாய், மரப்பெட்டிக்குள் ஊசல் ஆட நிற்கும் அந்தக் காலத்துக் கடிகாரம் ஒன்றை, ஜோசையா ஆல்டர்சன் என்ற விவசாயி ஒரு சந்தை நாளில் அளக்காமல் வாங்கிவிட்டார். வீட்டுக் கூரையோ தாழ்வு. காலை வெட்ட மனமில்லை, திருப்பிக் கொடுக்க மானமில்லை. ரம்பத்தை எடுத்து மாடியறைத் தரையில் ஓட்டை போட்டார். கடிகாரத்தின் உடம்பு அடுப்படியில், தலை படுக்கையறையில்.

“மூஞ்சி பாதிக்குப் பாதி,” என்று பிக்கர்ஸ்கில் கையால் தன் முகத்தையே வெட்டிக் காட்டுவார். “மேல்பாதி நேரம் மாடியில, கீழ்பாதி நேரம் அடுப்படியில. நடுவுல தரைப்பலகை. ஒன்பதேகாலுக்கு ரெண்டு முள்ளும் பலகைக்குள்ள போயிடும். அந்த வீட்டுல நூறு வருஷமா ஒன்பதேகாலே நடந்ததில்லைங்க! மணி பாக்கணும்னா ராத்திரிச் சட்டையோட ஜோசையா தரையில குப்புறப் படுத்து எட்டிப் பாப்பாரு. குப்புற! ஒரு பொட்டிக்காக!”

கூடம் சிரிக்கும். பின்னால் தேநீர் விற்கும் சன்னலில் நிற்கும் மாவிஸ் ஆல்டர்சன் கெட்டிலைக் கீழே வைப்பாள். ஜோசையா அவளுடைய கொள்ளுத்தாத்தா.

“அவரு குப்புறப் படுத்தாவது மணி பாத்தாரு,” என்பாள் மாவிஸ். “உன் கையில கட்டியிருக்கியே லென், அது ஓடுதா?”

ஓடவில்லை. போன வசந்த காலத்திலேயே நின்றுவிட்டது. கூடம் இன்னும் பெரிதாகச் சிரிக்கும். ஏலம் முடிந்ததும் பிக்கர்ஸ்கில் சன்னலுக்குப் போவார். அவருக்கான பன்றி இறைச்சி சாண்ட்விச் தட்டில் தயாராக இருக்கும், ஓரம் கருக வறுத்து, அவருக்குப் பிடித்த மாதிரி. இருபது வருடங்களாக இப்படித்தான். இதைப் பாசம் என்று யாராவது சொல்லியிருந்தால் பிக்கர்ஸ்கில் பலமாக மறுத்திருப்பார். இறைச்சி மரச்சாமான் அல்ல என்று யாராவது நினைவூட்டியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, சுமைதூக்கும் சிரில் வண்டியைப் பின்வாசலில் நிறுத்தினார். கம்பளி சுற்றி, கயிறு கட்டி, நீளமாக ஏதோ படுத்திருந்தது.

“யாரு செத்தாங்க?” என்றார் பிக்கர்ஸ்கில்.

“ஜோசையா கடிகாரம், முதலாளி.”

மாவிஸ் பின்னாலேயே வந்து நின்றாள். ஊசலையும் ஈயக் குண்டுகளையும் தனியாக ஒரு மளிகைப் பையில் தூக்கி வந்திருந்தாள்.

“வீட்டுக்காரங்க காலி பண்ணச் சொல்லிட்டாங்க,” என்றாள். “சுற்றுலா வர்றவங்களுக்கு வாடகைக்கு விடப் போறாங்களாம். மருந்துக்கடை மாடியில ஒரு அறை கிடைச்சிருக்கு. நானே குனிஞ்சுதான் போகணும். இது அந்தப் படிக்கட்டுலயே திரும்பாது.”

“அங்க ஓட்டை போட வேண்டியதுதானே?”

“கீழ மருந்துக்கடைக்காரன் தலையில குண்டு தொங்கும். பரவால்லையான்னு கேட்டுட்டு வரவா?”

மூவரும் சேர்ந்து கடிகாரத்தை நிமிர்த்தினார்கள். சிரில் குண்டுகளை மாட்டி, ஊசலைத் தொங்கவிட்டு, கால்களின் கீழ் அட்டைத் துண்டுகள் செருகி மட்டம் பார்த்தார். ஒரு தட்டு தட்டினார். கடிகாரம் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓடத் தொடங்கியது. முகத்தின் உச்சி வளைவில் வரைந்த ஒரு நிலா, வட்டக் கன்னமும் சின்னச் சிரிப்புமாய்ப் பாதி வெளியே வந்திருந்தது. கீழே தேதி காட்டும் சிறு சன்னல். நடுவுக்குச் சற்றுக் கீழே சாவி கொடுக்க இரண்டு துளைகள்.

மாவிஸ் பக்கத்தில் போய் அந்த முகத்தை உச்சியிலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் பேசாமல் இருந்து பிக்கர்ஸ்கில் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சுத்தியலைத் துடைத்தார்.

“பிறந்ததுலேர்ந்து இதோட இருக்கேன்,” என்றாள் கடைசியில். “முழு மூஞ்சிய இப்பத்தான் பாக்குறேன்.”

“எப்படி இருக்கு?”

“அப்பா அடுப்படியில இருந்து பாப்பாரு. அங்க தெரியுறது இந்த ரெண்டு ஓட்டைதான், முறைக்கிற மாதிரி. எனக்கு மாடியில படுக்கை. எனக்கு நிலா மட்டும். அவருக்கு முறைக்கிற கடிகாரம், எனக்குச் சிரிக்கிற கடிகாரம். ரெண்டும் ஒண்ணுன்னு நம்பவே சின்ன வயசுல எனக்கு ரொம்ப நாளாச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “ரெண்டும் சேந்தா அப்படி ஒண்ணும் அழகில்ல.”

“குறைஞ்ச விலை ஏதும் வைக்கணுமா?”

“வேணாம். யார் வேணா எடுத்துட்டுப் போகட்டும். ஓடணும் லென். அவ்வளவுதான். எங்கயாவது ஓடிக்கிட்டிருந்தா போதும்.”

“பொருள்தானே மாவிஸ்,” என்றார் பிக்கர்ஸ்கில், மென்மையாக. அவரைப் பொறுத்தவரை அது ஆறுதல்.

“ஆமா,” என்றாள் மாவிஸ். “பொருள்தான்.”

புதன்கிழமை, பொருட்களைப் பார்வையிடும் நாளில், ராட்னி பாம்ஃபோர்த் வந்தார். அவர் வந்தாலே ஏலக்கூடத்து நெட்டைக் கடிகாரங்கள் ஒரு அங்குலம் குறுகுவது போல் இருக்கும். இந்தக் காலத்தில் பழுப்பு நிற மரச்சாமான்களை யாரும் சீண்டுவதில்லை. உயரமானவற்றை அறவே இல்லை. பாம்ஃபோர்த் அவற்றை மலிவாக வாங்கி, உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டு, வயிற்றில் தட்டுகளும் ஒரு விளக்கும் பொருத்தி, லீட்ஸ் நகரத்து அடுக்குமாடிகளில் மது அலமாரிகளாக விற்பார். அவரிடம் அளவு நாடா கிடையாது. கோட்டுப் பையில் ஒரு காலி ஜின் பாட்டில் வைத்திருப்பார்.

கடிகாரத்தின் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த ஊசலை ஒரு விரலால் நிறுத்தி, பாட்டிலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“ஒரு தட்டுக்கு மூணு. நாலு தட்டு,” என்றார் திருப்தியாக. “தலைப்பெட்டியில ஐஸ் வாளி. என்ன தலைவரே, நல்ல சைசு.”

“நல்ல சைசு,” என்றார் பிக்கர்ஸ்கில். சன்னல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலேயே தெரிந்தது, கெட்டில் கொதித்து விசிலடிக்கிறது, யாரும் இறக்கவில்லை.

பாம்ஃபோர்த் போனபிறகு மாவிஸ் வந்து கதவைத் திறந்து ஊசலைத் தட்டிவிட்டாள். கதவை மூடினாள். சன்னலுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அன்று பிக்கர்ஸ்கிலுக்குக் கிடைத்த சாண்ட்விச்சில் ஓரம் கருகவில்லை. அவர் அதைத் தின்றார். முப்பது வருட ஆராய்ச்சியில் இந்தச் சுவை பதிவாகியிருக்கவில்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல் மழை. பாதிக் கூடம் ராணுவச் சாமான்களுக்காக வந்தவர்கள்: ஓய்வுபெற்ற ஒரு கர்னலின் வீட்டைக் காலி செய்து கொண்டுவந்த வாள்கள், பித்தளைப் பொத்தான்கள், பதக்கங்கள். பின்சுவரோரம், கடிகாரத்துக்கு அடுத்ததாக ஏலத்துக்கு வரவேண்டிய ஆளுயரப் பொம்மை ஒன்று முழு உடுப்பில் நின்றது. சிவப்புக் கோட்டு, வெள்ளைத் தலைக்கவசம், பெயின்ட் அடித்த மீசை, எங்கேயோ தூரத்தில் பகைவனைப் பார்க்கும் கண்கள்.

“அடுத்து நெட்டைக் கடிகாரம்,” என்றார் பிக்கர்ஸ்கில்.

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கதை வரப்போகிறது. பிக்கர்ஸ்கில் வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் குடித்தார்.

“ஐம்பது பவுண்டுக்கு ஆரம்பிக்கலாமா?” என்றார்.

“குப்புறப் படுக்கிற கதை எங்கய்யா?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“நேரமில்ல. ஐம்பது?”

பாம்ஃபோர்த் கை தூக்கினார். வேறு ஒரு கையும் எழவில்லை. பிக்கர்ஸ்கில் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மழைக்கு ஒதுங்கியவர்களையும் பார்த்தார். அவர்கள் தங்கள் குடைகளைப் பார்த்தார்கள். “ஐம்பது. ஐம்பதுக்குப் போகுது. நல்ல கடிகாரம், ஓடுற கடிகாரம். ஐம்பது.” சுத்தியலைத் தூக்கினார். சன்னலில் மாவிஸ் முதுகைக் காட்டி நின்று, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சுத்தியல் இறங்கவில்லை.

“அறுபது,” என்றது பிக்கர்ஸ்கிலின் வாய். “பின்னால நிக்கிற ஐயா.”

பாம்ஃபோர்த் திரும்பாமலே எண்பது என்றார்.

“நூறு, பின்னால.”

“நூத்தி இருபது.”

“நூத்தி ஐம்பது. நன்றிங்க ஐயா.”

பாம்ஃபோர்த் இப்போது திரும்பிப் பார்த்தார். அவரோடு கூடமே திரும்பியது. பின்னால் நாற்காலிகள் காலி. சுவரோரம் நின்றவர் ஒருவர்தான்.

“யாரு, தலைவரே?”

“சிவப்புக் கோட்டு போட்டவரு,” என்றார் பிக்கர்ஸ்கில். காது மட்டும் கோட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். முப்பது நாற்பது பேரும், தேவாலயத்தில் பாதிரியார் தடுமாறும்போது காட்டும் அதே நாசூக்கோடு, முன்னால் திரும்பிக்கொண்டார்கள்.

“கையே தூக்கலையே,” என்றார் பாம்ஃபோர்த்.

“கண்ணாலயே கேக்குறாரு.”

“கண்ணு பெயின்ட்டுய்யா!”

“ராணுவத்துல இருந்தவருங்க,” என்றார் சிரில், மேடைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றபடி. “அதிகம் அசைய மாட்டாரு.”

பாம்ஃபோர்த் பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவரும் அந்தச் சன்னலில்தான் பல வருடங்களாகத் தேநீர் குடித்தவர். கழுவிய கோப்பையைக் கழுவும் சத்தம் அவர் காதிலும் விழுந்தது. கொஞ்சநேரம் சிவப்புக் கோட்டுக்காரரை உற்றுப் பார்த்தார்.

“இருநூறு,” என்றார், சோதித்துப் பார்ப்பதுபோல்.

“இருநூத்தி இருபது. பின்னால.”

“நான் தோத்துட்டேன்,” என்று பாம்ஃபோர்த் உட்கார்ந்தார். “அந்த ஆளு கண்ணே சிமிட்டல.”

அப்போதுதான் பிக்கர்ஸ்கிலுக்கு உறைத்தது. சுவரிடம் கேள்வி வாங்கும் தொழிலில் ஒரே ஒரு பிசகு உண்டு, அதைத் தெரிந்தவர்கள் அந்த இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திக்கொள்வார்கள்: எதிராளி விலகிவிட்டால் பொருள் சுவருக்குப் போய்விடும். முதல்முறை செய்பவருக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? கை தானாக இறங்கியது. சுத்தியல் டக்கென்றது.

“யார் பேருல முதலாளி?” என்றார் சிரில், ஊருக்கே கேட்கும்படி.

“அப்புறம் சொல்றேன். அடுத்த பொருள்.”

அடுத்த பொருள் சிவப்புக் கோட்டுக்காரர்தான். கடிகாரம் வாங்கிய கையோடு அவரே விற்கப்பட்டு, ஹாரோகேட் ஊர்ப் பல் மருத்துவர் ஒருவரின் காரில் ஏறிப் போனார். ஸ்கார்பெக் ஏல வரலாற்றில் பொருளை எடுக்காமலே போன கௌரவமான வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

மாலையில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது மாவிஸ் வந்தாள்.

“எங்க வைக்கப் போறே?”

“வைக்கிறதா? வியாபாரம் மாவிஸ். விலை ஏறினதும் வித்துடுவேன்.”

“இது விலை ஏறாது. உனக்கே தெரியும்.”

“அப்ப இங்கயே நிக்கட்டும்.”

“இங்க நின்னா வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை ராட்னி பாட்டில் விட்டுப் பாப்பாரு.” கடிகாரத்தின் பக்கவாட்டை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள். “உங்க வீட்டுக் கூரை என்ன உயரம் லென்?”

அளந்ததில்லை. சிரில் வண்டியில் ஏற்றி வந்து, பிக்கர்ஸ்கில் வீட்டு அடுப்படியில் நிமிர்த்தியபோது, அது பாதியில் சாய்ந்து நின்றுவிட்டது. ஸ்கார்பெக்கின் பழைய வீடுகளெல்லாம் ஒரே கஞ்சன் கட்டியவை. ஆல்டர்சன் வீட்டுக் கூரைக்கும் இந்தக் கூரைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

சிரில் தலையைச் சாய்த்துக் கடிகாரத்தின் கால்களைப் பார்த்தார். “கொஞ்சம் வெட்டினா...”

“காலையா?” பிக்கர்ஸ்கிலின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “உன் காலை வெட்டச் சொன்னா வெட்டுவியா?”

“நான் கடிகாரமில்லையே முதலாளி.”

“போப்பா. போயிட்டு...” கொஞ்சம் இருமினார். “போயிட்டு உன் ரம்பத்தைக் குடுத்தனுப்பு. ஒரு அலமாரி அடிக்கணும்.”

“அலமாரி,” என்றார் சிரில். “சரி முதலாளி.” ரம்பத்தை வண்டியிலேயே கொண்டுவந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாவிஸ் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கேக் டப்பா. கதவு திறந்துதான் இருந்தது. அடுப்படி முழுக்க மரத்தூள், பிளாஸ்டிக் நாற்காலிகள் மேலெல்லாம் பனிபோல். மூலையில் கடிகாரம் நேராக நின்றது, தலை கூரைக்குள் போயிருக்க. இரண்டு துளைகளும் அவளை முறைத்தன. அவள் அப்பாவை முறைத்ததுபோலவே.

“லென்?”

“மேல.”

“என்ன பண்றே?”

“ஒண்ணுமில்ல.” கூரை வழியாகக் குரல் வந்தது. “ஓடிக்கிட்டிருந்துச்சு, இப்ப இழுக்குது. வாரத்துக்கு ஒரு தரம் சாவி குடுக்கணுமாமே. சாவி எங்க? பெட்டிக்குள்ள இல்ல.”

மாவிஸ் கோட்டுப் பையிலிருந்து வளைந்த கைப்பிடி வைத்த சாவியை எடுத்தாள். ஏலத்துக்குக் கடிகாரத்தைக் கொடுத்தவள் சாவியைக் கொடுத்திருக்கவில்லை.

“சாவி என்கிட்ட இருக்கட்டும்,” என்றாள். “நீ தொலைச்சிடுவே. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?”

“கடிகாரத்துக்குச் சொன்னேன்.”

இரண்டு குண்டுகளும் கரகரவென்று மேலேறின. டிக்டிக் சத்தம் கெட்டிப்பட்டது. மாவிஸ் பின்னால் நகர்ந்து நின்று முகத்தின் தன் பாதியைப் பார்த்தாள்.

“மணி என்ன லென்? எனக்கு ஒரு முள்ளும் தெரியல.”

மேலே தரைப்பலகை முனகியது. கனமான ஒன்று மெதுவாக, மரியாதையாக, தரையில் படியும் சத்தம்.

“எனக்கும் தெரியல,” என்றது குரல், இப்போது கூரைக்கு மிக அருகிலிருந்து.

மாவிஸ் சாவியைக் கோட்டுப் பையில் போட்டாள்.

“அப்ப ஒன்பதேகால்,” என்றாள் மாவிஸ்.

“ஆமா. ஒன்பதேகால்.”

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். மாடியில் பிக்கர்ஸ்கில் எழுந்திருக்கவில்லை. கன்னத்தைப் பலகையில் பதித்து, சிரிக்கும் நிலாவைப் பார்த்தபடி, பலகைக்குள்ளிருந்து முள்ளின் நுனி எட்டிப் பார்க்கும்வரை அப்படியே குப்புறப் படுத்திருந்தார்.